ஒரு பக்கச் சில்லு மட்டும் ஏன் சுடுகிறது?

முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருக்கும் வாசகர் ஒருவர் தன் பழைய டபிள் கெப் பிக்கப் பற்றி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வாரத்தில் பல நாள் கடற்கரையில் மீன் ஏற்றி, ஐஸ் போட்டு, மாங்குளம் வழியாக வவுனியாவுக்குக் கொண்டுபோகிறார்கள். சில நாட்களில் வட்டுவாகல் பாலம் தாண்டிப் போயும் ஏற்றுவார்கள். அறுவடை வந்தால் அதே வாகனத்தில் நெல் மூட்டை. ஓட்டுவது இவருடைய தம்பி. போன மாரி முடிந்த கையோடு ஒருநாள் ஒட்டுசுட்டான் தாண்டும்போது முன் இடது சில்லில் புகை. நிறுத்திப் பார்த்தால் றிம்மில் கை வைக்க முடியாத சூடு. மீன் பெட்டியில் வடிந்திருந்த ஐஸ் தண்ணீரை வாளியில் எடுத்து ஊற்றி ஆற்றியிருக்கிறார்கள். கராஜில் கலிப்பரை, அதாவது உராயும் தகடுகளான பாட்டுகளைச் சில்லோடு சுற்றும் டிஸ்க்கில் அழுத்தும் பாகத்தை, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, டீசல் அடித்து, புதுப் பாட் போட்டுக் கொடுத்தார்கள். சில கிழமை நன்றாக ஓடியது, பிறகு அதே கதை. மறுபடி பாட் மாற்றினார்கள். இப்போது மூன்றாவது முறை சுடத் தொடங்கியிருக்கிறது.

அவர் கேட்பது இவை. தம்பி பெடலில் கால் வைத்தபடியே ஓட்டுவதால்தான் இப்படி ஆகிறதா? ("அண்ணை, நான் கால் வைக்கேல்லை எண்டால் நம்புறீங்கள் இல்லை" என்று தம்பி கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வண்டியே எடுக்கவில்லையாம்.) கராஜில் சொல்வதுபோல் அந்தச் சில்லுக்குப் போகும் பிரேக் லைனை (பிரேக் ஒயில் போகும் குழாயை) அடைத்துவிட்டு, கையில் காசு வரும்வரை ஓடலாமா? பேசாமல் வாகனத்தை விற்றுவிடுவதா?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் தம்பியைச் சமாதானப்படுத்துங்கள். பெடலில் கால் வைத்தபடி ஓட்டினால் பிரேக் ஒயிலின் அழுத்தம் இரண்டு முன்சில்லுக்கும் ஒரே மாதிரித்தான் போகும். இடதும் வலதும் சேர்ந்து சுடும், இரண்டு பக்கப் பாட்டும் சேர்ந்து தேயும். வலது பக்கம் இன்னும் தடிப்பாகவே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலால் ஒரு சில்லை மட்டும் பிடித்துவைக்க எந்த ஓட்டுநராலும் முடியாது.

உண்மையான காரணம் நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கிறது. கழற்றிய இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தது நல்ல காரியம். உள்பக்கப் பாட் இரும்புத் தகடு வரை தேய்ந்து பளபளக்கிறது. வெளிப்பக்கப் பாட்டில் பாதிக்கு மேல் மிச்சம். அதுவும் ஒரு நுனியில் மெலிந்து மறு நுனியில் தடித்துச் சரிவாகத் தேய்ந்திருக்கிறது. இதைப் பார்த்த பிறகும் பாட்டை மட்டும் மாற்றித் தந்தவர்கள் உங்களுக்கு வேலை பாதிதான் செய்திருக்கிறார்கள்.

கலிப்பர் எப்படிப் பிடித்துக்கொள்கிறது

உங்கள் வாகனத்தில் இருப்பது நகரும் வகைக் கலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பிரேக் பிடித்ததும் அது உள் பாட்டை டிஸ்க்கில் அழுத்தும். அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் (உருண்டைக் கம்பிகளின்) மேல் வழுக்கி வந்து, வெளிப் பாட்டை டிஸ்க்கின் மறுபக்கத்தில் அழுத்தும். காலை எடுத்ததும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றப்பர் சீல் தன் முறுகலிலிருந்து விடுபட்டுப் பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். பிஸ்டனை இழுப்பதற்கு அங்கே வேறு ஸ்பிரிங் கிடையாது. அந்த மயிரிழைதான் பிரேக் பிடிப்பதற்கும் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அந்த இரண்டு பின்களும் காய்ந்து கறள் ஏறினால், எண்ணெய் காணாத கேற் கீல் போல, தள்ளினால் போகும், தானாகத் திரும்பாது. கலிப்பர் நகராததால் உள் பாட்டே முழுப் பாரத்தையும் சுமக்கிறது. இரண்டில் ஒரு பின் மட்டும் இறுகினால் கலிப்பர் கோணிக்கொண்டு நிற்கும், பாட் சரிவாகத் தேயும். படத்தில் தெரிவது அதுதான். பிஸ்டனை மூடியிருக்கும் றப்பர் கிழிந்து தண்ணீரும் மண்ணும் உள்ளே போனால் பிஸ்டனிலும் கறள் பிடிக்கும். அப்போது அந்த மெல்லிய சீலுக்கு அதைப் பின்னுக்கு இழுக்கும் பலம் போதாது.

ஏன் எப்போதும் இடது பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதியாகச் சொல்லக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் நம் வீதிகளில் எதிரே பஸ்ஸோ லொறியோ வந்தால் தார் ஓரத்தை விட்டுக் கிரவலில் இறங்குவது எந்தச் சில்லு? வீதியோரம் தேங்கி நிற்கும் சேற்றில் முதலில் விழுவது எது? மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் பாயும் உவர்நீரும், கோடையில் கிரவலின் செம்புழுதியும் மாறிமாறி உள்ளே போனால் எந்தக் கிறீஸும் அதிக நாள் தாங்காது.

"இங்கே மலையா இருக்கிறது, சமதரையில் பிரேக்குக்கு என்ன வேலை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் நடப்பது தலைகீழ். ஏ9 வீதியில் நேராக நெடுந்தூரம் பிரேக்கைத் தொடாமலே போகலாம். பின்கள் நகராமல் ஒரே இடத்தில் இருக்க இருக்கத்தான் கறள் ஏறுகிறது. அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது இரவில் வீதிக்குக் குறுக்கே மாடு படுத்திருந்தால், அந்த ஒரு நொடியில் நான்கு சில்லும் சமமாகப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கழுவும் இடங்களில் அடிப்பாகத்துக்குக் கறள் பிடிக்காது என்று டீசலோ பழைய எஞ்சின் ஒயிலோ விசிறி விடுகிறார்கள். சேசிஸுக்கு அது என்ன செய்கிறதோ, பிரேக் றப்பருக்கு அது நஞ்சு. பெற்றோலியப் பொருள் பட்டால் அந்த றப்பர் ஊதிப் பெருத்து மெத்தென்று ஆகிவிடும். பாட்டில் பட்டால் பிடிப்பு போய்விடும். உங்கள் கலிப்பருக்கு டீசல் அடித்துத் தந்ததால் சில கிழமை இளகியது உண்மை. அதே டீசல்தான் மிச்சமிருந்த கிறீஸைக் கழுவிக்கொண்டு போனது. இனிக் கழுவக் கொடுத்தால் சில்லுப் பக்கம் டீசல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சூட்டில் தண்ணீர் ஊற்றியது பற்றி ஒரு வார்த்தை. கொதிக்கும் டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணும், சில வேளை வெடிப்பும் விழும். நீங்கள் ஊற்றியதோ மீன் பெட்டித் தண்ணீர், உப்பும் சேர்ந்தது. அடுத்த முறை இப்படி நேர்ந்தால் கியரைக் குறைத்து வேகத்தை இறக்கி ஓரமாக நிறுத்தி, ஹான்ட் பிரேக் இழுக்காமல் சில்லுக்குக் கட்டை வைத்து, தானாக ஆறும்வரை விடுங்கள். நெருப்புத் தெரிந்தால் மட்டும் அணைக்கப் பாருங்கள். வாகனத்தில் ஒரு சிறிய தீயணைப்பான் இருப்பது நல்லது.

ஹோஸா, கலிப்பரா?

காசு கொடுத்துக் கலிப்பர் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பிரேக் ஒயில் போகும் றப்பர் ஹோஸ் பழசானால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உரிந்து அடைபடும். பெடலை அமுக்கினால் ஒயில் பலத்தோடு போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. அப்போதும் சில்லு பிடித்துக்கொண்டே இருக்கும், பழி கலிப்பர் மேல் விழும்.

சில்லை ஜக்கில் தூக்கி, வாகனத்துக்குத் தாங்குகட்டை கொடுத்து, ஒருவரைப் பெடலை நாலைந்து தரம் அமுக்கி விடச் சொல்லுங்கள். பிறகு சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கலிப்பரில் எயார் எடுக்கும் நிப்பிளை (உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றும் சிறு திருகை) ஒரு கால் சுற்றுத் தளர்த்துங்கள். கொஞ்ச ஒயில் சீறி வந்து சில்லு சட்டென்று இளகினால் கலிப்பர் குற்றவாளி இல்லை, அழுத்தம் மேலே சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் ஹோஸ்தான். ஒயில் வந்த பிறகும் இறுக்கம் அப்படியே இருந்தால் வழுக்கும் பின் அல்லது பிஸ்டன். இதே இறுக்கம் இரண்டு முன்சில்லிலும் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அமுக்கும்போது ஒயிலைத் தள்ளும் பாகம்) பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் நிப்பிளை இறுக்கி, ஒயில் மட்டம் பார்த்து, பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே வாகனத்தை நகர்த்த வேண்டும்.

உங்கள் படத்தை வைத்துப் பார்த்தால் வழுக்கும் பின்தான் காரணம் என்று சொல்வேன். ஆனாலும் இத்தனை வயதான வாகனத்தில் ஹோஸை மாற்றாமல் விட எனக்கு மனம் வராது.

லைனை அடைத்துவிட்டு ஓடலாமா?

கூடாது. இதில் நான் "பார்க்கலாம்" என்று சொல்லத் தயாரில்லை. ஒரு முன்சில்லில் பிரேக் இல்லாவிட்டால், சடுதியாகப் பிடிக்கும்போது வாகனம் மற்றப் பக்கம் இழுக்கும். உங்களுக்கு இடது அடைபட்டிருந்தால் வலது பக்கம், அதாவது எதிரே வரும் வாகனத்தின் பக்கம் போகும். பாரம் ஏற்றிய பிக்கப்பில் ஸ்டியரிங்கால் அதைத் திருப்பி எடுக்க நேரம் கிடைக்காது. போதாததற்கு, லைனை அடைத்தாலும் காய்ந்த பின்களும் இறுகிய பிஸ்டனும் அப்படியேதான் இருக்கும். சூடு நிற்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

சட்டத்தையும் யோசியுங்கள். பிரேக் சரியில்லாத வாகனத்தை வீதியில் ஓட்டுவது குற்றம். வாகனத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாக இருக்கும். தெரிந்தே லைனை அடைத்து ஓடி விபத்து நடந்தால் நட்டஈட்டுக்கு அது பெரிய தடையாகும், ஓட்டிய தம்பிதான் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டி வரும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பாஸ் பண்ணிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பார்ப்பது எஞ்சின் புகையை மட்டும்தான், பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை.

திருத்துவதா, மாற்றுவதா?

வழுக்கும் பின் மட்டும் பழுதென்றால் செலவு சொற்பம். இரண்டு பின், அவற்றின் றப்பர், சரியான கிறீஸ், ஒரு சோடிப் பாட், அவ்வளவுதான். பிஸ்டனும் பிடித்திருந்தால் கலிப்பரைக் கழற்றி சீல் கிட் போட வேண்டும். அப்போது பிஸ்டனை உங்கள் கண்ணால் பாருங்கள். மேல்பூச்சில் சொறி சொறியாகக் குழி விழுந்திருந்தால் அதை மண்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பப் போட விடாதீர்கள். பூச்சுப் போன பிஸ்டன் அடுத்த மாரியிலேயே மறுபடி கறள் பிடிக்கும். புதுப் பிஸ்டன்தான் வழி. சிலிண்டரின் உட்புறமும் அரித்திருந்தால் கலிப்பரையே மாற்றுவது நல்லது.

கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய கலிப்பர் எடுத்துத் தர ஒருவர் இருக்கிறார் என்கிறீர்கள். எடுக்கலாம், ஆனால் அதை வாகனத்துக்கு நேராகப் பூட்டக் கூடாது. எத்தனை காலம் காய்ந்து கிடந்ததோ தெரியாது. பழைய கலிப்பருக்கும் புது சீல் கிட்டும் பின் றப்பரும் போட்டுத்தான் பூட்ட வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் சில வேளை புதிதுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வாங்கும்போது இடதா வலதா என்று பார்த்து வாங்குங்கள். எயார் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் வர வேண்டும். மாறிப் பூட்டினால் எயார் வெளியே வராது, பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

கராஜ்காரரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. என்ன வேலை, என்ன பாகம் என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது அவர்கள் கடமை. செய்யாத வேலைக்குக் காசு வாங்கியதாகத் தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஆனால் கையில் சீட்டு இல்லாமல் போனால் பேச்சு எடுபடாது.

விற்பது பற்றி. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி தனியாருக்குத் திறந்தது 2025 தொடக்கத்தில்தான். விலைகள் நீங்கள் அறிந்ததுதான். இந்தக் கோளாறுக்காக ஓடுகிற வாகனத்தை விற்று, வேறொருவர் பராமரிக்காமல் விட்ட வாகனத்தை வாங்கினால் அதே பின்கள் அங்கேயும் காய்ந்திருக்கும். எஞ்சினும் சேசிஸும் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

மாரிக்கு முன்னும் பின்னும்

கம்பனிக் கைநூல்கள் கிலோமீற்றர், மாதக் கணக்கில் பேசும். கடற்கரையிலும் கிரவலிலும் ஓடும் வாகனத்துக்கு நான் பருவத்தைத்தான் கணக்காக வைப்பேன். புரட்டாசியில், மாரி தொடங்கும் முன் ஒரு முறை, தையில் மழை ஓய்ந்ததும் ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போதும்.

அந்த அரை நாளில் முன்சில்லு இரண்டையும் கழற்றி, கலிப்பரை எடுத்துக் கம்பியால் கட்டித் தொங்க விட வேண்டும். ஹோஸில் தொங்க விடக் கூடாது, உள்ளே உரிவது அப்படித்தான் தொடங்கும். வழுக்கும் பின் இரண்டையும் உருவி, பழைய கிறீஸை பிரேக் கிளீனரால் முழுதாகத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கன் கிறீஸை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். வீல் பெயாரிங்குக்குப் போடும் கிறீஸ் ஆகாது. அது றப்பரை ஊத வைத்து, பின்னை முன்னையைவிட மோசமாக இறுக்கும். கிறீஸை அப்பித் திணிக்கவும் வேண்டாம், காற்று அடைபட்டுப் பின் வழுக்காது. எந்தப் பின் மேலே, எது கீழே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், பல வாகனங்களில் இரண்டும் ஒன்றல்ல. பாட் உட்காரும் இடத்தில் படிந்த கறளை வயர் பிரஷால் சுரண்டுங்கள். பாட்டின் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய, மலிவான பாட்டுகளில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கக்கூடும். உராயும் பொருள் 3 மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து.

பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது நிப்பிளைத் திறந்து அழுக்கு ஒயிலை வெளியே விட்டுத் தள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடியில் இருந்த அழுக்கு முழுவதும் மேலே மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும்.

டொயோட்டா ஹைலக்ஸ் 4 வீல் பிக்கப் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. பெரும்பாலும் அவற்றின் முன்சில்லில் இரு பக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான கலிப்பர் இருக்கும். அதில் வழுக்கும் பின் இல்லை. பாட்டைத் தாங்கும் கம்பிகளும் நான்கு பிஸ்டன்களின் றப்பரும்தான் அங்கே பார்க்க வேண்டியவை. ஒரு பிஸ்டன் மட்டும் இறுகினாலும் பாட் கோணித் தேயும்.

பின்சில்லின் ட்ரம்மையும் (பிரேக் கட்டைகள் உள்ளே இருக்கும் மூடிய பிரேக்கை) அதே நாளில் திறந்து பாருங்கள். மீன் பெட்டியில் வடியும் உப்புத் தண்ணீர் நேராக விழுவது அங்கேதான், சேசிஸோடு ஓடும் இரும்பு பிரேக் குழாயிலும்தான். வடியும் தண்ணீருக்கு ஒரு குழாய் வைத்து வாளிக்குள் விடுங்கள். மூட்டை ஏற்ற வசதியாகப் பின் ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. அநேக பிக்கப்களில் பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கும். வாகனம் எவ்வளவு பதிகிறது என்பதை வைத்துத்தான் அது பாரத்தை அறியும். பட்டை கூடியதும் பாரம் ஏற்றினாலும் வாகனம் பதியாது. வெறும் வாகனம் என்று எண்ணி அந்த வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும், வேலை முழுக்க முன்சில்லின் தலையில் விழும். அந்த வால்வைச் சரிபார்க்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கடற்கரைக்குப் போய்வந்த நாளில் சில்லுகளின் உட்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கரையோரக் கிணற்று உவர்நீரால் கழுவுவதில் பயன் இல்லை. பிரஷர் குழாயை றப்பருக்கு நேரே பிடிக்க வேண்டாம். கழுவியதும் அப்படியே நிறுத்தாமல், ஒழுங்கைக்குள் கொஞ்ச தூரம் ஓட்டி நாலைந்து தரம் பிரேக் பிடித்து ஈரத்தை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். மழை நாட்களில் வாகனம் பல நாள் நிற்கப்போகிறதென்றால் ஹான்ட் பிரேக் இழுக்காமல் கியரில் விட்டுக் கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் பிரேக் கட்டைகள் ட்ரம்மில் ஒட்டிக்கொள்ளும்.

தம்பிக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஓட்டம் முடிந்ததும் நான்கு சில்லுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள், தொட வேண்டாம். முன் இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஓடும்போதே ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் மறுபக்கம் வேலை செய்யவில்லை.

கடைசியாக ஒயில். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 (DOT 3) என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 வரை இறங்கலாம். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. உங்கள் சில்லு சுட்ட சூட்டில் ஈரம் ஏறிய ஒயில் கொதித்தால் பெடல் ஒரேயடியாகத் தரையில் போய்விடும். அந்த ஈரமே உள்ளிருந்து பிஸ்டனையும் அரிக்கிறது. ஆகவே 2 வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். உங்களுக்கு இந்தத் திருத்தத்தோடு சேர்த்தே இப்போதே மாற்ற வேண்டும். தாங்கியின் மூடியில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். ஒயில் மட்டம் மெல்ல மெல்ல இறங்கினால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பாட் தேயத் தேய மட்டம் இறங்கும், சடுதியாக இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. டாஷ்போர்டுக்குள் திறந்த போத்தல் ஒன்று வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை ஊற்ற வேண்டாம். சிறிய, சீல் உடைக்காத போத்தலாக வாங்கி, மிச்சத்தை வைத்திருக்காதீர்கள்.